பொதுவுடைமையும் தனி மனிதன் மானமும்

சமதர்மம் என்று நாம் பேச ஆரம்பித்தவுடன் இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு விதமான கூச்சல் கிளம்புகின்றது. ஒரு பக்கத்தார், "எல்லாவற்றையும் பொதுவாக்கிவிட்டால் தனி மனிதனுக்கு என்ன சுதந்திரம் மிஞ்சும்? அவனவன் சம்பாத்தியம் அவனவனுக்கு. இதில் சர்க்காருக்கு என்ன வேலை?" என்கிறார்கள். மற்றொரு பக்கத்தார், "வயிறு காய்கின்ற இடத்தில் தனி மனிதன் உரிமை என்ன வேண்டிக் கிடக்கின்றது? அதெல்லாம் பணக்காரன் பேச்சு. பொது நன்மைக்காக ஒருவனை மிதித்தாலும் குற்றமில்லை" என்கிறார்கள். கம்பம், கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கத்துத் தோழர்களுக்குள்ளும் இந்த இரண்டு பேச்சும் நடமாடி வருகின்றது. இரண்டு பேரும் நம்மைத் தம்மவர் என்றே நினைத்துக் கொண்டு பேசுவதால், இவ்வாரம் இதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கின்றது.

நமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். சோறில்லாத சுதந்திரம் ஏமாற்றம். சுதந்திரமில்லாத சோறு தொழுவத்துத் தீனி. இந்த இரண்டில் உனக்கு எது வேண்டும் என்று கேட்பதே தப்பான கேள்வி என்றும், ஒன்றில்லாமல் மற்றொன்று ஒரு நாளும் நிலைக்காது என்றும் சொல்லுகின்றோம். இது ஏதோ இரண்டு பக்கத்தாரையும் சமாதானப்படுத்துவதற்காகச் சொல்லும் பேச்சல்ல. அநுபவத்தில் கண்ட சங்கதி என்பதைக் கீழே காட்டுகின்றோம்.

முதலில் நம் கண் முன்னால் இருப்பதையே எடுத்துக்கொள்ளுவோம். இந்தப் பள்ளத்தாக்கு பச்சைப் பசேலென்று இருப்பதற்குக் காரணம் எந்தச் சாமியின் கடாட்சமும் அல்ல. 1886-ம் வருஷம் அக்டோபர் மாதம் 29-ந் தேதி திருவாங்கூர் மகாராஜாவுக்கும் வெள்ளைக்கார சர்க்காருக்கும் 999 வருஷத்திற்கு ஒரு குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. பென்னிகுக் என்ற இஞ்சினீயரின் மேற்பார்வையில் அணை கட்டி, மலையைக் குடைந்து, மேற்கே கடலுக்குப் போய்க் கொண்டிருந்த பெரியாற்றுத் தண்ணீரை 1895-ல் கிழக்கே திருப்பினார்கள். அந்த வேலையில் மலைக்காய்ச்சலுக்கும் காலராவுக்கும் நூற்றுக்கணக்கான கூலிக்காரர்கள் பலியானார்கள். லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக சாகுபடி அந்தத் தண்ணீரைக் கொண்டுதான் நடக்கின்றது.

இந்தத் தண்ணீரைத் தனி மனிதன் எவனாவது, எவ்வளவு பெரிய மிராசுதாராயிருந்தாலும், தன் கைப்பணத்தைக் கொண்டு கொண்டுவந்திருக்க முடியுமா? முடியாது. ஆகவே தண்ணீர் பொது என்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. "அவனவன் சம்பாத்தியம் அவனவனுக்கு" என்று பேசுகிறவர்கள் கூட வாய்க்கால் ஓரத்தில் நின்றுகொண்டு அப்படிப் பேசுவதில்லை. ஆனால் பொது என்பதற்கு என்ன அர்த்தம்? தலைமடைக்காரன் தன் வயல் நிறைந்த பிறகு மனமிரங்கி விடுகிற தண்ணீர்தான் கடைமடைக்காரனுக்கு என்று அர்த்தமா? இல்லை. முறைத் தண்ணீர் என்று ஒன்று இருக்கின்றது. முறை வந்துவிட்டால் கடைமடைக்காரன் யாரையும் கும்பிட வேண்டியதில்லை. "என் முறை" என்று சொல்லி மண்வெட்டியை எடுத்துக் கொண்டு போய் மடையைத் திறக்கிறான். சொத்து பொது, அதில் அவனுடைய பங்கு அவனுடைய உரிமை, அதைக் கேட்க அவன் தலை குனிய வேண்டியதில்லை. "என் முறை" என்ற இந்த இரண்டு சொல்லில்தான் நாம் சொல்ல வந்த விஷயம் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

நிற்க, நிலமே இல்லாதவனுக்கு எந்த மடையிலும் முறை இல்லை என்பதையும் சொல்லித்தான் தீரவேண்டும். அவன் கதை என்ன? விடியற்காலையில் கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் ரோட்டோரத்தில் நின்று பார்த்தால் விளங்கும். ஜீப்புகளில் ஆட்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக மலைமேல் ஏலத்தோட்டங்களுக்குக் கொண்டு போகிறார்கள். அதில் பெரும்பாலோர் பெண்கள். சட்டப்படி இவர்கள் யாருக்கும் அடிமைகள் அல்ல. யாரும் இவர்களைக் கையைக் கட்டி ஜீப்பில் ஏற்றவில்லை. கூலி கட்டாவிட்டால் "வரமாட்டேன்" என்று சொல்ல இவர்களுக்குப் பூரண சுதந்திரம் உண்டு என்று பொருளாதார சாஸ்திரிகள் சொல்லுவார்கள். ஆனால் "வரமாட்டேன்" என்ற சொல்லைச் சொல்ல வேண்டுமானால் வீட்டுப் பானையில் நாலு நாளைக்காவது அரிசி இருக்க வேண்டும். அரிசி இல்லாத வீட்டில் அந்தச் சுதந்திரம் சுவரில் மாட்டிய படம்தான். ஆகவே தனி மனிதன் சுதந்திரம் வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறவன், அந்தப் பானையில் அரிசி இருக்க வேண்டும் என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டியவனாகிறான். பொறுப்பேற்காமல் சுதந்திரம் மாத்திரம் பேசுகிறவன், தன் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுகிறானே ஒழிய மனிதன் சுதந்திரத்தைப் பற்றிப் பேசவில்லை.

இனி, மறுபக்கத்துத் தோழர்களுக்குச் சொல்லுகின்றோம். கூட்டம், பொது, சமூகம், ஊர் என்ற வார்த்தைகளைக் கேட்டவுடன் கைதட்டிவிடக் கூடாது. எந்தக் கூட்டம் என்று கேட்க வேண்டும். இதே மதுரை ஜில்லாவில் (இந்தப் பள்ளத்தாக்கும் அன்று மதுரை ஜில்லாவைச் சேர்ந்ததுதான்) பிரமலைக் கள்ளர் என்கின்ற ஜாதியார் மேல் குற்றப்பரம்பரைச் சட்டம் பாய்ந்தது. 1911-ல் திருத்திச் செய்த அந்தச் சட்டத்தைச் சில வருஷங்களுக்குள் ஜாதி முழுமைக்கும் விரித்தார்கள். வயது வந்த ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும். இரவில் போலீசார் கண் முன்னால் வந்து படுக்க வேண்டும். ஊரை விட்டு வெளியே போக வேண்டுமானால் சீட்டு வாங்க வேண்டும். இவர்கள் செய்த குற்றம் என்ன? பிறந்த குற்றம்! 1920-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 3-ந் தேதி பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்த ஜனங்களைச் சுட்டதில், மாயக்காள் என்ற ஒரு பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள். அந்த ஜனங்களுக்காகக் கோர்ட்டில் வாதாடினவர் ஜார்ஜ் ஜோசப் என்ற மதுரை பாரிஸ்டர். அவர் மலையாள தேசத்துக் கிறிஸ்தவர். ஜாதியும் வேறு, மதமும் வேறு, பாஷையும் வேறு. மனிதனுக்கு மனிதன் என்ற முறையில்தான் அவர் நின்றார். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல்தான் ரத்தாயிற்று.

அந்தச் சட்டத்தின் அடிப்படை என்னவென்று பாருங்கள். தனி மனிதன் என்று ஒருவன் இல்லை, ஜாதி மாத்திரமே உண்டு என்பதுதான். இதையேதான் மனுவும் சொன்னான். வெள்ளைக்காரன் கைரேகைப் புஸ்தகத்தில் எழுதினதை மனு தலையெழுத்து என்று எழுதினான். வித்தியாசம் அவ்வளவுதான். இன்றைக்கும், அந்தச் சட்டத்தால் அடிபட்ட ஜாதியிலும், அடிபடாத ஜாதிகளிலும், ஊர்க்கட்டுப்பாடு என்ற பெயரால் அதே வேலையைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வேறு ஜாதியில் கல்யாணம் செய்துகொண்டவனை ஊரை விட்டு விலக்குவதும், அவன் வீட்டுக்கு யாரும் போகக் கூடாது, கடையில் சாமான் கொடுக்கக் கூடாது என்று தண்டோராப் போடாத குறையாகக் கட்டுப்பாடு செய்வதும், பெற்ற பெண்ணையே வெட்டுவதும் எந்தக் கொள்கையின் மேல் நடக்கின்றன? "ஊர் பெரிது, நீ சிறிது" என்கின்ற கொள்கையின் மேல்தான். வயது வந்த இருவர் சம்மதித்தால் போதும், குடும்பத்தின் சம்மதமோ ஜாதிக் கூட்டத்தின் சம்மதமோ வேண்டியதில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், இந்தப் "பொது"வின் யோக்கியதை எப்படியிருக்கின்றது என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளலாம்.

இந்தச் சங்கடம் நமக்கு மாத்திரம் ஏற்பட்டதல்ல. பொதுவுடைமைக்குப் பேர் போன ருஷ்யாவிலேயே, பொதுவுடைமை ஆட்சி ஏற்படுவதற்கு அறுபது எழுபது வருஷங்களுக்கு முன்பிருந்தே இதைப்பற்றிப் பெரிய வாதம் நடந்திருக்கின்றது. அந்த வாதத்தை நம்மவர்கள் அவ்வளவாக அறியமாட்டார்கள். ருஷ்யா என்றால் ஜார், லெனின், ஸ்டாலின் என்று மூன்று பெயரோடு நிறுத்திவிடுவதுதான் நம் வழக்கம்.

ருஷ்யக் கிராமத்துக்கு 'மீர்' என்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. 1861-ல் பண்ணையடிமை முறையை ஒழித்தபோது நிலத்தைக் குடியானவனுக்கு நேராகக் கொடுக்காமல் பெரும்பாலான இடங்களில் மீருக்குத்தான் கொடுத்தார்கள். மீர் கூடி அவ்வப்போது நிலத்தைப் பங்கு பிரித்துக் கொடுக்கும். கேட்கிறதற்கு நன்றாய்த்தான் இருக்கின்றது. ஆனால் ஒருவன் வரி கட்டாவிட்டால் ஊரே கட்ட வேண்டும் என்ற கூட்டுப் பொறுப்பு 1903 வரை இருந்தது. ஆகையால் ஊரை விட்டு ஒருவனும் எளிதில் போக முடியாது. வெளியூர் போகப் பாஸ்போர்ட்டுச் சீட்டு வேண்டும். அதற்கு ஊர் சம்மதிக்க வேண்டும். ஊருக்கு ஆகாதவனைச் சைபீரியாவுக்கு அனுப்பிவிடும்படி தீர்மானம் போடும் அதிகாரமும் மீருக்கு இருந்தது. இதைத்தான் அங்குள்ள சில பழமைப் பிரியர்கள், "எங்கள் ஜனங்களின் புராதன சகோதர தர்மம்" என்று கொண்டாடினார்கள். நம் நாட்டிலும் புராதனக் கிராமக் குடியரசு என்று சிலர் உருகுகின்றார்கள் அல்லவா, அதுபோலத்தான்.

போரிஸ் சிச்செரின் என்ற சட்ட பண்டிதர், நிலத்தை மறுபடி மறுபடி பங்கு போடும் இந்த மீர் புராதனமும் அல்ல, புண்ணியமும் அல்ல, வரி வசூலுக்காகவும் பண்ணையாட்களைக் கட்டிப் போடுவதற்காகவும் சர்க்கார் உண்டாக்கினது என்று 1856-லேயே எழுதினார். மனிதனை மனிதனாக மதிப்பது சட்டம்தான். சட்டத்தின் வேலை அவனவன் சுதந்திரத்தைக் காப்பது என்பது அவர் வாதம். அது வரையில் நமக்கும் சம்மதமே. ஆனால் ஏழைக்குச் சோறு போடுவது தர்ம குணத்தைச் சேர்ந்தது, அதை உரிமையாக்கக் கூடாது என்று அதோடு நின்றுவிட்டார். தலைமடையிலேயே நின்றுவிட்டார் என்று சொல்லலாம்.

அவருக்குப் பின் விளாடிமிர் சொலவியோவ் என்பவர் வந்தார். இவர் பெரிய பக்திமான். அவருடைய கடவுளை அவரிடமே விட்டுவிடுவோம். நெல்லை எடுத்துக் கொண்டு பதரை விடுவதில் நமக்கு வருத்தமில்லை. ஒவ்வொரு மனிதனுக்கும் மானத்தோடு வாழும் வசதி இருந்தாக வேண்டும், அதைச் சமூகம் உறுதி செய்தாக வேண்டும் என்று 1897-ல் வெளிவந்த தம் புஸ்தகத்தில் அவர் எழுதினார். 1905-ம் வருஷத்துக் கிளர்ச்சியை ஒட்டிப் பாவெல் நவ்கரோத்செவ் என்ற மாஸ்கோ சட்டப் பேராசிரியர் இந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, மானத்தோடு வாழ்வது தர்மமல்ல, சட்டப்படியான உரிமை என்றார். இவர் சமதர்மக் கட்சிக்காரர் அல்ல, தாராளவாதி. ஆனாலும் வேலை, தொழிற்சங்கம், வயோதிகத்திலும் வியாதியிலும் ஆதரவு இவை இல்லாவிட்டால் சுதந்திரம் என்பது பேருக்குத்தான் என்று கண்டுகொண்டார்.

மறுபக்கத்திலிருந்து பக்தான் கிஸ்தியாக்கோவ்ஸ்கி என்பவர் வந்தார். இவருக்குச் சமதர்மத்தில் பற்று உண்டு. 1909-ல் சட்டத்துக்காகப் பரிந்து ஒரு கட்டுரை எழுதினார். ருஷ்யாவின் படித்த கூட்டத்தாரும் புரட்சிக்காரர்களும் சட்டத்தை அலட்சியம் செய்கிறார்கள். தங்கள் கட்சிக்குள்ளேயே ஒருவன் உரிமையை மதிக்கத் தெரியாதவர்கள் நாளைக்கு நாட்டை ஆண்டால் என்ன ஆகும் என்று கேட்டார். சமதர்ம ராஜ்யம் வந்தால் அதுவும் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ராஜ்யமாகவே இருக்க வேண்டும். பழைய உரிமைகளை அழிக்காமல் அவற்றின் மேல் புதிய உரிமைகளைக் கட்ட வேண்டும் என்பது அவர் கருத்து. ஆக, ஒருவர் தாராளவாதத்திலிருந்து புறப்பட்டுச் சோற்றுக்கு வந்தார். மற்றொருவர் சமதர்மத்திலிருந்து புறப்பட்டுச் சட்டத்துக்கு வந்தார். இருவரும் சந்தித்த இடம் ஒன்றுதான். அந்த இடத்திற்குப் பெயர் மனிதனுடைய மானம்.

இவர்கள் பேச்சை யார் கேட்டார்கள்? ஜார் கேட்கவில்லை. 1917-க்குப் பின் வந்தவர்களும் கேட்கவில்லை. புது ஆட்சியார் செய்த நன்மைகளை நாம் மறைக்கப் போவதில்லை. பாதிரியில்லாத கல்யாணம், விவாகரத்து, முறைப்படியான கல்யாணத்தில் பிறவாத குழந்தைக்கும் சம உரிமை ஆகியவற்றை 1917, 1918-லேயே சட்டமாக்கினார்கள். எழுத்தறியாத கோடிக்கணக்கான ஜனங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பெரியார் 1932-ல் அங்கே போய்ச் சுமார் மூன்று மாதம் இருந்து பார்த்து உற்சாகத்தோடு திரும்பினதில் ஆச்சரியமில்லை.

ஆனால் மற்றொரு பக்கமும் இருக்கின்றது. 1918-ம் வருஷத்து ருஷ்ய அரசியல் சட்டத்தில், கூலிக்கு ஆள் வைத்தவர்கள், வியாபாரிகள், பாதிரிகள் முதலானவர்களுக்கு ஓட்டில்லை என்று எழுதினார்கள். பாதிரித் தொழிலை ஒழிப்பது வேறு. அதற்கு நாம் இரண்டு கையையும் தூக்குவோம். ஆனால் பாதிரி மகன் என்பதற்காக ஒரு பையன் பள்ளிக்கூடத்திலும் வேலையிலும் இடைஞ்சல் அநுபவிக்கும்படி ஆயிற்றே, அது எந்தப் பகுத்தறிவு? புரோகிதத்தை நாம் எதிர்ப்பது பிறவியினால் ஒருவன் உயர்ந்தவன் என்று அது சொல்லுவதால்தான். அதை எதிர்க்கின்ற நாமே பிறவியினால் ஒருவன் குற்றவாளி என்று சொன்னால், மனுவின் புஸ்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

அன்றியும், 1932-ம் வருஷம் டிசம்பர் மாதம் 27-ந் தேதி ருஷ்யாவில் உள்நாட்டுப் பாஸ்போர்ட்டுச் சட்டம் போட்டார்கள். பட்டணத்தாருக்குப் பாஸ்போர்ட்டு உண்டு. கூட்டுப் பண்ணைக் குடியானவனுக்குப் பொதுவாக இல்லை. அது இல்லாமல் அவன் ஊரை விட்டுப் பட்டணம் போய்ப் பிழைக்க முடியாது. இந்த வித்தியாசத்தை ஒழிப்பதாக முடிவு செய்தது 1974-ல்தான்! மீரின் சீட்டு போய்க் கூட்டுப் பண்ணையின் சீட்டு வந்தது. நம் பக்கத்துக் கிழவர்களுக்குச் சீட்டு என்றால் என்ன என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. சீட்டைக் கொடுக்கிறவன் வெள்ளைக்காரனாயிருந்தால் என்ன, தொழிலாளி பெயரால் ஆளுகிறவனாயிருந்தால் என்ன, சீட்டு இல்லாமல் ஊரைத் தாண்ட முடியாதவன் அடிமைதான்.

பஷுக்கானிஸ் என்று ஒரு சட்ட ஆசிரியர் அங்கு இருந்தார். சட்டம் என்பதே வியாபாரிகளின் உலகத்தில் பிறந்த சரக்கு. பொதுவுடைமை முதிர முதிரச் சட்டமே உதிர்ந்து போய்விடும் என்று 1924-ல் புஸ்தகம் எழுதிப் பிரசித்தி பெற்றார். 1936-ல் ஸ்டாலின் ஒரு புதிய அரசியல் சட்டம் செய்தார். அதில் வேலை செய்ய உரிமை உண்டு, பேச உரிமை உண்டு என்றெல்லாம் அழகாக எழுதியிருந்தது. அடுத்த வருஷமே பஷுக்கானிசைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சுட்டுவிட்டார்கள். 1937, 1938 ஆகிய இரண்டே வருஷத்தில் அந்தச் சர்க்காரின் சொந்தக் கணக்குப்படியே 6,80,000 பேருக்கு மேல் மரண தண்டனை. சட்டம் உதிரும் என்று சொன்னவருக்கு, உதிர்ந்த பிறகு தம்மைக் காக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

"ஆனாலும் சோறு கிடைத்ததே" என்று சிலர் சொல்லலாம். அதுவுமில்லை. 1932, 1933-ல் உக்ரேன் முதலிய இடங்களில் தானியத்தைப் பறிமுதல் செய்ததால் ஏற்பட்ட பஞ்சத்தில் பத்து லட்சக்கணக்கான குடியானவர்கள் மாண்டார்கள். பஞ்சம் என்று பத்திரிகையில் எழுத ஒருவனுக்கும் வாய் இல்லை. பஞ்சம் இருப்பதாகவே அந்தச் சர்க்கார் ஒப்புக்கொள்ளவில்லை. வெள்ளைக்காரன் ஆண்ட வங்காளத்தில் 1943-ல் நடந்ததும் இதன் தம்பிதான். அங்கும் ஆளுகிறவனைக் கேள்வி கேட்கும் அதிகாரம் ஜனங்களுக்கு இல்லை. ஆகையால், பானையில் அரிசி இருந்தால்தான் "வரமாட்டேன்" என்று சொல்ல முடியும் என்று முன்னே சொன்னோமே, அதன் மறுபாதி இது: "அரிசி வரவில்லை" என்று கேட்க வாய் இருந்தால்தான் பானைக்கு அரிசி வரும். சோறு சுதந்திரத்துக்குக் காவல். சுதந்திரம் சோற்றுக்குக் காவல்.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். ருஷ்யாவில் பாஸ்போர்ட்டுச் சட்டம் போட்ட அதே வாரத்தில், 1932 டிசம்பர் 28, 29 தேதிகளில், ஈரோட்டில் சுயமரியாதைத் தோழர்கள் கூடி, சிங்காரவேலர் உதவியுடன் வகுத்த சமதர்ம வேலைத் திட்டத்தைப் பற்றி ஆலோசித்தார்கள். ரயில், பாங்கு, நிலம், காடு எல்லாம் பொதுவாக வேண்டும், குடியானவர் கடன் ரத்தாக வேண்டும் என்பது அத்திட்டம். அடுத்த வருஷம் 'குடி அரசு' தலையங்கத்துக்காகப் பெரியாரும் அவர் தங்கை கண்ணம்மாளும் சிறை சென்றார்கள். 1934-ல் பொதுவுடைமைக் கட்சியைச் சர்க்கார் தடை செய்தது. 1935-ல் பெரியார் பொதுவுடைமைப் பிரசாரத்தை நிறுத்தி, ஜாதி ஒழிப்பு வேலையை முன்னால் வைத்தார். ஜீவானந்தம் முதலானவர்கள் ஒப்பாமல் பிரிந்து போனார்கள். அது சரியா தப்பா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அதை இங்கே தீர்க்கவும் நாம் வரவில்லை.

ஆனால் அந்த வழக்கின் உள்ளே இருந்த விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சொத்தைச் சமமாகப் பிரித்தால் ஜாதி தானே போய்விடும் என்றது ஒரு கட்சி. பிறவி உயர்வு தாழ்வை வைத்துக் கொண்டு சொத்தைச் சமமாகப் பிரித்தால், உயர்ந்தவன் என்கிறவன் கைக்கே அது மறுபடியும் போய்ச் சேரும் என்றது மற்றக் கட்சி. நாம் கேட்பது, இவை ஏன் இரண்டு கட்சியாக இருக்க வேண்டும் என்பதே. "சுயமரியாதை" என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். மாஸ்கோ பேராசிரியர் மானத்தோடு வாழும் உரிமை என்று எதைச் சொன்னாரோ, அதை நம் இயக்கம் ஒரே சொல்லில் சொல்லிவிட்டது. அதில் 'சுயம்' என்பது தனி மனிதன். 'மரியாதை' என்பதோ மற்றவர்கள் இல்லாமல் கிடையாது. அது சமூகம் கொடுத்தால்தான் உண்டு. தனி மனிதனும் சமூகமும் அந்த ஒரே சொல்லுக்குள் சண்டையில்லாமல் குடியிருக்கின்றார்கள். பட்டினி கிடக்கிறவனுக்கும் சுயமரியாதை இல்லை. வாயைக் கட்டிச் சோறு போடப்பட்டவனுக்கும் சுயமரியாதை இல்லை.

"சட்டம் என்ன செய்யும்? அது பணக்காரன் கையிலுள்ள கோல்தானே?" என்று சில இளைஞர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லுகின்றோம். 1928 முதல் நம்மவர்கள் புரோகிதனில்லாமல் சுயமரியாதைக் கல்யாணங்கள் செய்து வந்தார்கள். ஆணும் பெண்ணும் சம்மதித்தார்கள், தோழர்கள் கைதட்டினார்கள். ஆனால் சொத்துத் தகராறு என்று கோர்ட்டுக்குப் போனால் அது கல்யாணமே அல்ல என்று ஆயிற்று. 1967-ல் சென்னைச் சட்டசபை சட்டம் செய்கிறவரையில், சுமார் நாற்பது வருஷகாலம், அந்தப் பெண்களும் குழந்தைகளும் சட்டத்தின் நிழல் இல்லாமல் நின்றார்கள். கொள்கை வீரம் நமக்கு இருந்தது. பிள்ளைக்குப் பங்கு கேட்க ஒரு காகிதம் இல்லை. அந்தக் காகிதத்தின் விலை அவர்களைக் கேட்டால் தெரியும்.

அதற்காக, சர்க்கார் எழுதினதெல்லாம் சட்டம் என்று நாம் பூஜை செய்யவும் தயாராயில்லை. கைரேகைச் சட்டமும் சட்டந்தான். ஆகையால் சட்டமாகட்டும், ஊர்க்கட்டுப்பாடாகட்டும், சமதர்மத் திட்டமாகட்டும், எது வந்தாலும் மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கும்படி தோழர்களைக் கேட்டுக் கொள்ளுகின்றோம். முதலாவது: இது மனிதனை அவன் செய்கையைக் கொண்டு பார்க்கின்றதா, பிறப்பைக் கொண்டு பார்க்கின்றதா? இரண்டாவது: இதற்குள் இருக்கிறவன் பிடிக்காவிட்டால் வெளியே போக முடியுமா, போனாலும் பிழைக்க முடியுமா? மூன்றாவது: இது கொடுப்பதை அவன் "என் முறை" என்று நிமிர்ந்து கேட்டு வாங்குகிறானா, கும்பிட்டு வாங்குகிறானா? தொழிற்சங்கமும் கூட்டுறவு சங்கமும் ஒழுங்காக நடந்தால் மூன்றிலும் தேறும். ஜாதிச் சங்கம் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். பட்டினிக் கூலி ஒப்பந்தம் இரண்டாவதில் விழும். எஜமானர் பொங்கலுக்குக் கொடுக்கும் வேட்டியும் புடவையும் மூன்றாவதில் விழும்.

நமது அரசியல் சட்டத்தையே இப்படிப் பரீட்சை செய்து பார்க்கலாம். அது கிராமத்தை அல்லாமல் தனி மனிதனையே அடிப்படையாகக் கொண்டது நல்லது என்று 1948 நவம்பர் 4-ந் தேதி டாக்டர் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் சொன்னார். கிராமம் எப்படிப்பட்டது என்பதைச் சேரியில் பிறந்தவர்கள் அறிவார்கள். அதுவரையில் சரி. ஆனால் அதே புஸ்தகத்தில் பேச்சுரிமை ஒரு அத்தியாயம், வேலை உரிமை வேறு அத்தியாயம். முன்னதற்குக் கோர்ட்டு உண்டு. பின்னதற்குக் கோர்ட்டில் போய் உத்தரவு கேட்க முடியாது என்று 37-வது பிரிவு சொல்லுகின்றது. மானத்தோடு வாழ்வதும் உயிர் வாழும் உரிமையில் சேர்ந்தது என்று 1981-லும், பிழைப்பும் அதில் சேர்ந்தது என்று 1985-லும் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி, இரண்டு அத்தியாயத்துக்கும் நடுவே ஒரு மரப்பாலம் போட்டது. அதைக் கல் பாலமாக்க வேண்டிய வேலை பாக்கியிருக்கின்றது. அது வக்கீல்களின் வேலை மாத்திரமல்ல.

ஆகவே இந்தப் பள்ளத்தாக்கிலுள்ள தோழர்கள் இரண்டு காரியத்தையும் ஒரே கையால் செய்ய வேண்டும். ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களுக்கு ஆணுக்குள்ள கூலியும், பத்திரமான பிரயாணமும், விபத்து வந்தால் நஷ்டஈடும் சங்கத்தின் மூலம் வாங்கிக் கொடுக்கப் பாடுபட வேண்டும். அதே சங்கத்துக்குள் ஒரு பெண் எழுந்து தலைவரைக் கணக்குக் கேட்டால், அவளை உட்காரச் சொல்லாத பழக்கமும் ஏற்பட வேண்டும். ஜாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கு ஊர் கதவடைத்தால், நம் மன்றத்தின் கதவு திறந்திருக்க வேண்டும். அவர்களுக்கு ஒரு வேலையும் நாலு மாதத்து அரிசியும் தேடிக் கொடுக்காமல் "காதலுக்கு ஜே" என்று கூவிவிட்டு வருவதில் பிரயோஜனமில்லை. ரேஷன் அரிசியையும் பள்ளிக்கூடச் சாப்பாட்டையும் "இலவசம்" என்று ஏளனம் செய்கிறவனிடம், அது பிச்சையல்ல, பங்கு என்று சொல்ல வேண்டும். அந்தப் பங்கைக் கொடுத்தோம் என்பதற்காக ஓட்டையும் வாயையும் கேட்கிறவனிடமும், அதே பதிலைச் சொல்ல வேண்டும்.

சமதர்மம் வரட்டும், சீக்கிரமாகவே வரட்டும். ஆனால் அது வரும்போது கையில் சோற்றுப் பானையோடு வரவேண்டுமே ஒழிய, மறு கையில் சீட்டுப் புஸ்தகத்தோடு வரக்கூடாது. அப்படி வந்தால், அதற்கு என்ன பெயர் சூட்டிக்கொண்டு வந்தாலும், அது நமக்குப் பழக்கமான பழைய எஜமானன்தான் என்பதை அடையாளங் கண்டுகொள்ளுங்கள்.